பின்சீட்டுக்கு மட்டும் ஒரு வணக்கம்

தொழிற்சங்கத் தேர்தல் வந்துவிட்டால் எங்கள் ஊரான நெய்வேலியின் மாலைப்பொழுது கரகரவென்று இருக்கும். வேனின் தலையில் கட்டிய குழாய் ஒலிபெருக்கிகள் பிளாக் பிளாக்காகச் சுற்றிவர, மழைவிட்ட நாட்களில் மரங்கள் சொட்டும் சத்தத்துக்கு நடுவே அந்தக் குரல் ஈரத்தில் ஊறியது போல வந்து எங்கள் குவார்ட்டர்ஸின் சமையலறைச் சன்னலுக்குள் நுழையும். அப்படி ஒரு மாலையில், அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த என் அம்மா, தன்னைப் பற்றி ஒருவர் ஊருக்கே கேட்கும்படி மைக்கில் பேசுவதைக் கேட்டாள்.

அப்பா மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பிரிவில் இருந்தார். அந்த வருடம் ஒரு சங்கத்தின் சார்பில் தேர்தலில் நின்றார். எதிர்ச் சங்கத்துக்காக மைக் பிடித்தவர் வேறு யாருமில்லை, அப்பாவோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்து, ஷிப்டு பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து, ஒருவர் டிபன் கேரியரை மற்றவர் திறந்து சாப்பிட்டு வந்த நண்பர்தான். பிளாக் முனையில் வேனை நிறுத்தி அவர் சொன்னார்: "வூட்ல சம்சாரம் சொல்றதையே கேட்டுக்கினு நடக்கறவரு, தொழிலாளி சொல்றத எப்பங்க கேக்கப் போறாரு?"

கூடியிருந்தவர்கள் சிரித்த சிரிப்பும் சன்னல் வழியாகத்தான் வந்தது. அப்பா தேர்தலில் தோற்றார். "தோத்தது பெருசில்ல, என்னச் சொல்லித் தோக்கடிச்சாரு பாரு, அதான்" என்று அம்மா பல நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்த மனிதரின் பெயர் போய், "மைக்குக்காரர்" என்று ஆகிவிட்டது. அவர் வீடு "பேச்சுவார்த்தை இல்லாத வீடு" ஆனது.

டவுன்ஷிப்பில் வளர்ந்தவர்களுக்குத்தான் தெரியும், இங்கே ஒருவரோடு பேசாமல் இருப்பது எவ்வளவு சிரமமான வேலை என்று. ஒரே ஷிப்டு பஸ், ஒரே கேன்டீன், ஆஸ்பத்திரியில் ஒரே வரிசை, ஞாயிற்றுக்கிழமை ஒரே சந்தை. சண்டை போட்ட இரண்டு பேர் ஒரு நாளில் பலமுறை ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்தாக வேண்டும். அப்பாவும் அவரும் அதை ஒரு கடமை போலச் செய்தார்கள். பஸ்ஸில் ஒருவர் முன்வாசலில் ஏறினால் மற்றவர் பின்வாசலில் ஏறுவார் என்று அப்பாவின் நண்பர்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

இது நடந்த அடுத்த வருடம் நான் ஆறாம் வகுப்புக்குப் போனேன். முதல் நாள் எங்கள் வகுப்புக்குள் வருகைப் பதிவேட்டோடு நுழைந்த செல்வராணி டீச்சரைப் பார்த்ததும் நான் முன்னால் இருந்தவளின் முதுகுக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். அவர் மைக்குக்காரரின் மனைவி.

டீச்சர் என்னைப் பார்த்தார், என் பெயரைப் படித்தார், அடுத்த பெயருக்குப் போனார். அவ்வளவுதான். ஆனால் நான் அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். அப்பாவும் அம்மாவும் பேசாத வீட்டு ஆளோடு நான் பேசினால் அது எங்கள் வீட்டுக்குச் செய்யும் துரோகம் என்று அந்த வயதில் தோன்றியது. பெயர் கூப்பிடும்போது எல்லாரும் "பிரசன்ட் டீச்சர்" என்பார்கள், நான் கையை மட்டும் தூக்குவேன். காலையில் எல்லாரும் எழுந்து இழுத்து இழுத்து வணக்கம் சொல்லும்போது நான் எழுந்து நின்று வாயை மூடிக்கொள்வேன். அவர் எடுத்த கணக்குப் பாடத்தில் பின்னங்கள் வந்தன. மேலே ஒரு எண், கீழே ஒரு எண், நடுவில் ஒரு கோடு. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கேட்கவும் இல்லை.

அம்மாவுக்கு வேறு பயம். மைக்கில் வீட்டுக்காரர் பேசிய பேச்சுக்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து நல்லது வரும் என்று அவளால் நம்ப முடியவில்லை. "புள்ளைய பி செக்ஷனுக்கு மாத்திடலாங்க" என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். பி செக்ஷனில் எனக்குத் தோழிகள் யாரும் கிடையாது. அங்கே கணக்கு எடுப்பவர் அடிப்பார் என்றும் பேச்சு இருந்தது. எனக்குப் போகவும் பிடிக்கவில்லை, இருக்கவும் பிடிக்கவில்லை.

அப்பா நைட் ஷிப்டு முடித்துவிட்டு வந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு காலையில், நான் பையை மாட்டிக்கொண்டே அம்மாவிடம், "இன்னைக்கு டெஸ்ட் இருக்காதும்மா, அந்தம்மா நேத்தே ஜுரம்னு சொல்லிச்சு" என்றேன்.

அப்பா கையிலிருந்த இட்லியைத் தட்டில் வைத்தார்.

"யாரு பாப்பா அந்தம்மா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா சட்னிக் கிண்ணத்தைப் பார்த்தாள்.

"மைக்குக்காரர் வீட்டம்மாப்பா."

"அது எனக்கு. உனக்கு யாரு?"

நான் பை வாரைத் திருகினேன். அப்பா கோபப்பட்டிருந்தால்கூட அழுது தீர்த்திருப்பேன். அவர் அதற்கு மேல் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, அம்மாவிடம்தான் திரும்பினார்.

"நீ சொல்றதத்தான் அது சொல்லுது."

"நான் சொல்லாம? ஊரக் கூட்டி என்னப் பேசுனவரு பொண்டாட்டிய நான் அந்தம்மான்னு சொல்லாம, அம்மன்னா சொல்லுவன்?"

"அவன் பேசுனதுக்கு அவங்க இன்னா பண்ணுவாங்க?"

"நாளைக்கு மார்க்கக் கொறச்சுப் போட்டா?"

"போட மாட்டாங்க."

"அதெப்படி அவ்ளோ உறுதியா சொல்றீங்க?"

"அந்தம்மா கை சோறு நான் எத்தினி நாளு..." என்று தொடங்கியவர், தன் வாயிலிருந்தும் அதே வார்த்தை வந்துவிட்டதை உணர்ந்து நிறுத்தினார். "டீச்சர் கை சோறு நானும் சாப்ட்டிருக்கன். அந்த மாதிரி ஆளு இல்ல."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. காலாண்டுத் தேர்வு முடிந்ததும் பெற்றோர் கூட்டம் வரும், அன்றைக்குத் தானே போய் ஹெட்மாஸ்டரிடம் செக்ஷனை மாற்றித் தரச் சொல்லிக் கேட்பேன் என்றாள். அதுவரை பொறுத்துக்கொள்வது என்று முடிவானது. நான் எந்த வகுப்பில் இருப்பேன் என்பது அந்தக் கூட்டத்தில் தெரிந்துவிடும்.

அன்று அப்பா தூங்கப் போகவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, "வா, நானே வுட்டுட்டு வரன்" என்று சைக்கிளை எடுத்தார். எங்கள் பிளாக் ரோடு மெயின் ரோட்டைத் தொடும் திருப்பத்தில், பால்பூத்துக்குப் பக்கத்தில், சைக்கிளை நிறுத்தி இறங்கி நின்றார். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. சற்று நேரத்தில் மைக்குக்காரரின் ஸ்கூட்டர் வந்தது. ஜுரம் தணியாத முகத்தோடு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, டீச்சர் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார். அப்பா சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, ஸ்கூட்டரின் முன்பாதி அங்கே இல்லவே இல்லை என்பது போலப் பார்த்து, "வணக்கம் டீச்சர்" என்றார்.

சொல்லி முடிப்பதற்குள் ஸ்கூட்டர் தாண்டிப் போய்விட்டது. டீச்சர் திடுக்கிட்டுத் தன் கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டது மட்டும் தெரிந்தது.

மறுநாள் அதே இடம், அதே வணக்கம். தன்னைக் கேலி செய்வதாக நினைத்தாரோ என்னவோ, மைக்குக்காரர் அன்று திருப்பத்தில் வண்டியை முறுக்கிக்கொண்டு பறந்தார். டீச்சரின் புடவைத் தலைப்பு காற்றில் படபடத்தது. பால்பூத்துக்காரருக்கு நல்ல பொழுதுபோக்கு.

"இன்னாண்ணே, ராசியாயிட்டீங்களா?"

"டீச்சருக்குத்தாம்பா சொன்னன். ஓட்டறவருக்கு இல்ல."

"ஓட்டறவரு தனக்குன்னு எடுத்துக்கினா?"

"எடுத்துக்கினா அவரு பாடு. நான் தரல."

அப்பா கேலியாகப் பேசினாலும் அவருக்கு அது எளிதாக இல்லை என்பது சைக்கிள் ஹேண்டிலை அவர் பிடித்திருந்த பிடியில் எனக்குத் தெரிந்தது. ஸ்கூட்டர் சத்தம் தூரத்தில் கேட்டதுமே அவர் விரல்கள் இறுகும். தோற்கடித்தவர், அதுவும் சிரிக்கவைத்துத் தோற்கடித்தவர், தன் வணக்கத்தைப் பார்த்துக்கொண்டே போவார் என்று தெரிந்தும், பகல் ஷிப்டு இல்லாத நாட்களில் எல்லாம் அவர் அந்தத் திருப்பத்தில் நின்றார். ஏன் நிற்கிறேன் என்று எனக்கு ஒரு நாளும் விளக்கிச் சொன்னதில்லை. அவருக்கு விளக்கத் தெரிந்திருக்குமா என்பதே எனக்கு இப்போது சந்தேகம்தான்.

அடுத்த வாரத்தில் டீச்சர் பதில் வணக்கம் சொல்ல ஆரம்பித்தார். வண்டி தாண்டிய பிறகு கழுத்தைத் திருப்பி, பின்னோக்கித்தான் சொல்ல முடிந்தது. பிறகு எப்போதிலிருந்து என்று சொல்ல முடியாது, ஒரு விசித்திரம் நடந்தது. அந்தத் திருப்பம் வந்ததும் ஸ்கூட்டரின் வேகம் குறைந்தது. மைக்குக்காரர் எங்கள் பக்கம் திரும்ப மாட்டார், எதிரே இருக்கும் கொன்றை மரத்தில் எதையோ தேடுவது போல அண்ணாந்து பார்ப்பார். அப்பா அவரைப் பார்க்க மாட்டார். டீச்சரும் அப்பாவும் நிதானமாக வணக்கம் சொல்லிக்கொள்வார்கள். அதன் பின் ஸ்கூட்டர் மறுபடி வேகமெடுக்கும்.

நான் கேரியரில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா வணக்கம் சொல்லும் ஒருவருக்கு நான் வாயை மூடிக்கொண்டு நிற்பது சரியில்லை என்று தோன்றத் தொடங்கியது. ஒரு நாள் என் பெயர் வந்தபோது "பிரசன்ட் டீச்சர்" என்று என்னையும் அறியாமல் வந்துவிட்டது. டீச்சர் நிமிர்ந்து பார்க்கவில்லை, பேனா மட்டும் ஒரு கணம் நின்றது. இன்னொரு நாள் எழுந்து, பின்னம் புரியவில்லை என்று சொன்னேன். "எதுலேர்ந்து புரியல?" என்று கேட்டார். "முதல்லேர்ந்து" என்றேன். வகுப்பே சிரித்தது. "முதல்லேர்ந்து கேக்கறதுக்குத்தான் தைரியம் வேணும்" என்று சொல்லிவிட்டு, எனக்காக மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

ஆனால் அம்மா தன் முடிவிலிருந்து இறங்கவில்லை. பெற்றோர் கூட்டத்தன்று அப்பாவுக்குப் பகல் ஷிப்டு. அம்மா பட்டுக்கரை வைத்த சுங்குடிப் புடவையை இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டாள். நடந்து போகும் வழியெல்லாம் ஹெட்மாஸ்டரிடம் சொல்ல வேண்டியதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். எனக்கு அழுகையாக இருந்தது. அப்போதுதான் டீச்சரை எனக்குப் பிடித்துப்போயிருந்தது. அதை அம்மாவிடம் சொல்லும் தைரியம் இல்லை.

முதலில் வகுப்பு டீச்சரைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அம்மா உள்ளே நுழைந்ததும் செல்வராணி டீச்சர் எழுந்து நின்றார். பக்கத்து நாற்காலியில் இருந்த விடைத்தாள் கட்டைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு, "உக்காருங்கக்கா" என்றார். அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் இருவருமே என் மதிப்பெண்களைப் பார்த்தார்கள். தினமும் காலையில் நான் வாய்ப்பாடு சொல்ல வேண்டும் என்றார் டீச்சர். பிறகு டீச்சர் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்:

"உங்க வீட்டுக்காரர் தெனம் வணக்கம் சொல்றாருக்கா. எங்க வீட்டுக்காரரு அந்தத் திருப்பம் வந்தா தானா வண்டிய ஸ்லோ பண்றாரு. ஏங்க ஸ்லோ பண்றீங்கன்னு கேட்டன். மாடு குறுக்க வருதுங்கறாரு."

அம்மா நிமிர்ந்தாள்.

"அங்க ஏது மாடு?"

"அதான் நானும் கேட்டன். வரும் வரும்னு சொல்றாரு."

அம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடினாள். முடியவில்லை. இருவரும் சத்தம் வராமல், தோள்கள் குலுங்கச் சிரித்தார்கள். வரிசையில் நின்ற மற்ற பெற்றோர்கள், என் மார்க்கில் என்ன அப்படி வேடிக்கை என்று எட்டிப் பார்த்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும் டீச்சர், "அன்னிக்கு அவரு மைக்குல பேசுனது எனக்கும் காதுல வுழுந்துதுக்கா. வூட்டுக்கு வந்ததும் கேட்டன், நீங்க யாரு பேச்சக் கேட்டுக்கினு நடக்கறீங்கன்னு. ரெண்டு நாளு மொகத்தத் தூக்கி வெச்சுக்கினு இருந்தாரு" என்றார்.

அம்மா பேனாவை வாங்கினாள். கையெழுத்துப் போட்டாள். எழுந்தாள். ஹெட்மாஸ்டர் அறைக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும். அம்மா வலது பக்கம் திரும்பி வெளிவாசலை நோக்கி நடந்தாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு பின்னால் போனேன். பாதி தூரம் வந்த பிறகு, "டீச்சர் சொன்ன மாதிரி தெனம் காலைல வாய்ப்பாடு சொல்லு" என்றாள். அம்மா வாயிலிருந்து 'டீச்சர்' என்ற வார்த்தை வந்தது அன்றைக்குத்தான் முதல்முறை.

அப்பாவும் மைக்குக்காரரும் ஊரைவிட்டுப் போகும்வரை பேசிக்கொள்ளவில்லை. இதைப் படிப்பவர்கள் அவர்கள் சமாதானமாகியிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கலாம், நானும் எதிர்பார்த்தேன். அப்பா ஓய்வு பெற்று, அடுத்த ஊரான வடலூர்ப் பக்கம் வீடு கட்டிக்கொண்டு போனார். அவரும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு எங்கோ போனார். அந்தக் கோபத்தை அவர்கள் இருவரும் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள், என் வகுப்பறைக்குள் அதை வரவிடவில்லை. அதற்கு எவ்வளவு கட்டுப்பாடு வேண்டும் என்பது, நான் ஒரு பிள்ளைக்குத் தாயான பிறகுதான் தெரிகிறது.

இப்போது நான் அதே ஊரில், என் கணவரின் குவார்ட்டர்ஸில் இருக்கிறேன். பையன் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். பால்பூத் இருந்த திருப்பத்தில் இன்று யாரும் நிற்பதில்லை. பக்கத்தில் பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. ஆசிரியர்கள் பலரும் பண்ருட்டியிலிருந்தும் நெல்லிக்குப்பத்திலிருந்தும் பஸ்ஸில் வருகிறார்கள். பிள்ளைகளை விட வரும் நாங்கள் கேட்டுக்கு வெளியிலேயே திரும்பிவிட வேண்டும். என் பையனின் மிஸ்ஸை நான் பக்கத்தில் பார்த்தது ஒரே ஒரு முறைதான். சந்தையில் பேரம் பேசும் டீச்சரையும், ஜுரத்தில் துண்டு சுற்றிய டீச்சரையும், வீட்டுக்காரரைக் கேள்வி கேட்கும் டீச்சரையும் நாங்கள் பார்த்தோம். என் பையனுக்கு அவன் மிஸ் என்பது, எங்கள் கைப்பேசியில் பெற்றோர் குழுவில் பேசப்படும் ஒரு பொருள்.

சென்ற மாதம் ஒரு சிறு தேர்வில், நிலக்கரியின் நிறம் என்ன என்ற கேள்விக்கு என் பையன் "பழுப்பு" என்று எழுதியிருந்தான். மிஸ் தப்புப் போட்டு, பக்கத்தில் "கறுப்பு" என்று எழுதியிருந்தார். அவன் வகுப்பில் இன்னும் பலருக்கும் அதே தப்பு. பழுப்பு நிலக்கரி தோண்டும் ஊரில் இது நடந்தால் சும்மா இருப்பார்களா? குழுவில் செய்திகள் குவிந்தன. நெய்வேலிப் பிள்ளைக்கே கரி நிறம் சொல்லித்தர வந்துட்டாங்க என்று ஒருவர், இவங்களுக்கெல்லாம் யாரு வேலை கொடுத்தது என்று இன்னொருவர், நடுநடுவே வீடு முழுக்கக் கேட்ட குரல் செய்திகள், சிரிப்பு முகங்கள். எனக்கும் கோபம்தான். நானும் நான்கு வரி எழுதினேன். அனுப்பும் முன் அழித்தேன். மறுபடி எழுதினேன். நியாயத்தைக் கேட்காமல் இருப்பதும் பிள்ளைக்குச் செய்யும் தவறுதானே என்று ஒரு பக்கம் தோன்றியது. அப்பாவுக்கு இருந்த கோபம் டீச்சர் மேல் இல்லை, அவர் வீட்டுக்காரர் மேல்தான். எனக்கோ மிஸ் மேலேயே கோபம், நான் என்ன செய்வது என்று இன்னொரு பக்கம் தோன்றியது.

அப்போது சோபாவில் படுத்துக் கார் பொம்மையை நெஞ்சில் உருட்டிக்கொண்டிருந்தவன், கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"எங்க மிஸ் வேஸ்ட்டுதானம்மா? எல்லா ஆன்ட்டியும் சொல்றாங்கல்ல."

குழுவை மூடிவிட்டு மிஸ்ஸின் எண்ணைத் தேடி எடுத்தேன். இப்படிப் பேச வேண்டியதென்றால் வழக்கமாகப் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். அன்று அவன் கால்மாட்டிலேயே உட்கார்ந்து எண்ணை அழுத்தினேன். அவன் முன்னால் பேசுவது சரியா, மிஸ் ஏதாவது சுருக்கென்று சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் எடுத்துவிட்டார். பஸ் இரைச்சல்.

"வணக்கம் மிஸ், உங்களுக்கு நேரம் இருக்குங்களா? பையன் எழுதின ஒரு பதில்ல எனக்கு ஒரு சந்தேகம்."

சொன்னேன். அந்தப் பக்கம் பையில் புத்தகம் தேடும் சத்தம். பிறகு, "புத்தகத்துல கறுப்புன்னுதாங்க இருக்கு" என்றார். தயங்கினார். "நான் நெல்லிக்குப்பங்க. எங்க ஊருல கரும்பு லாரிதான் பாத்திருக்கன். இங்க வர்ற கரிய நான் நேர்ல பாத்ததில்ல. பழுப்பாங்க இருக்கும்?"

"ஆமாம் மிஸ். தூளா உதுத்தா நல்லாத் தெரியும்."

"அப்ப அவன் எழுதினதும் சரிதாங்க. தம்பி பக்கத்துல இருக்கானா?"

நான் கைப்பேசியை நீட்டினேன். அதற்குள்ளாகவே அவன் எழுந்து உட்கார்ந்திருந்தான். பொம்மையைக் கீழே வைத்துவிட்டு, கைப்பேசியை இரண்டு கைகளாலும் வாங்கிக் காதில் வைத்தான். மிஸ் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அவன் முகம் மட்டும் மெல்ல மெல்லப் பெரியவனின் முகமாக ஆனது.

"பரவால்லீங்க மிஸ்" என்றான். பிறகு, "நாளைக்கு எங்க தாத்தாகிட்ட கேட்டு ஒரு துண்டு கொண்டாந்து காட்டறேங்க மிஸ்" என்றான்.

எழுந்து உட்கார்ந்தது மரியாதையால்தானா, வீட்டுப்பாடம் முடிக்காத பயத்தால்தானா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. அவனிடம் கேட்கவும் இல்லை. குழுவில் அதற்குள் இன்னும் ஏழெட்டுச் செய்திகள் வந்திருந்தன. அவற்றைத் திறக்காமல், அப்பாவின் எண்ணை அழுத்தினேன், கரித் துண்டு ஒன்று கிடைக்குமா என்று கேட்க.